போர் போட்டாச்சு, குழிக்குள் எதை இறக்கிப் பார்ப்பது?

"அண்ணே, 720 அடி போட்டாச்சு. போட்டப்ப ஒன்றரை இஞ்ச் தண்ணி வந்துச்சு. இப்ப அரை மணி நேரத்துல மோட்டார் காத்து வாங்குது. இன்னும் 300 அடி இறக்கச் சொல்றாங்க. லாக்கிங் பண்ணிப் பாத்துட்டு இறக்கலாமா? எந்த லாக்கிங்?" இது உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கேட்டது.

அதே வாரம் இளையான்குடிப் பக்கமிருந்து இன்னொருவர்: "சார், புது போர். 400 அடி. பக்கத்துக் காட்டுல போட்ட ரெண்டுமே உப்பு. குழி சரியறதுக்குள்ள பைப் இறக்கணும். எங்க பில்டர் வைக்கணும்னு லாக்கிங்ல தெரியுமா?"

பில்டர் என்பது தண்ணீர் உள்ளே வருவதற்காகத் துளையிட்ட பைப். இருவரும் கேட்பது லாக்கிங் பற்றித்தான். ஆனால் ஒருவருக்கு நான் சொல்லும் பதிலை மற்றவர் கடைப்பிடித்தால் அவருக்குப் பணம் போய்விடும். மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை: நைஸ், சார்னோக்கைட், கிரானைட். யானைமலையாக மேலே எழுந்து நிற்கும் வகைப் பாறைதான் நம் காலுக்குக் கீழும் கிடக்கிறது. அதில் தண்ணீர் நிற்பது மேலே உக்கிப்போன பகுதியிலும், கீழே பாறை உடைந்த வெடிப்புகளிலும் மட்டும். கிழக்கே சிவகங்கையைத் தாண்டி இளையான்குடி, பரமக்குடி, ராமநாதபுரம் என்று போகப் போக மணலும் களியும் மாறி மாறி அடுக்கிய படிவு நிலம். அங்கே தண்ணீர் மணல் அடுக்கில் இருக்கிறது; ஒரு அடுக்கில் நல்ல தண்ணீர், அடுத்ததில் உப்பு. இந்த வேறுபாடுதான் எந்தக் கருவியை இறக்குவது என்பதை முடிவு செய்கிறது. கருவியின் விலையோ, விற்பவர் காட்டும் வண்ண வரைபடமோ அடுத்தபடிதான்.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடுகிறேன். தரையில் நான்கு கம்பி நட்டு, கேபிள் இழுத்துப் பார்ப்பது ரெசிஸ்டிவிட்டி சர்வே. அது போர் போடும் முன், இடம் தேடச் செய்வது. லாக்கிங் என்பது போட்ட குழிக்குள்ளேயே கேபிளில் கருவியை இறக்கி, அடி அடியாக அளந்து வருவது. 1927 செப்டம்பரில் பிரான்சின் பெஷல்புரோனில் எண்ணெய்க் கிணறு ஒன்றில் ஸ்லம்பெர்ஜே சகோதரர்களின் குழு முதன்முதலில் மின்சார லாக் எடுத்தது. எண்ணெய்க்காரர்களின் கருவி மெல்ல மெல்லத் தண்ணீருக்கும் தாதுவுக்கும் வந்து சேர்ந்தது. மணலும் களியும் அடுக்கிய நிலத்துக்காகப் பிறந்த கருவி அது என்பதை நினைவில் வைத்தால், நம் பாறையில் அது ஏன் சில இடங்களில் தடுமாறுகிறது என்று பின்னால் புரியும்.

## எதை வைத்து அளப்பது

வண்டிக்குச் சொல்லும் முன் நான் ஐந்து விஷயம் கேட்பேன்.

முதலாவது, குழியில் இப்போது தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? பல கருவிகள் தண்ணீருக்குள் மட்டுமே வேலை செய்யும். 700 அடிக் குழியில் தண்ணீர் 550 அடியில் நின்றால், அந்தக் கருவிகளுக்கு உங்கள் குழி வெறும் 150 அடிதான்.

இரண்டாவது, கேசிங், அதாவது குழி சரியாமல் இறக்கும் குழாய், எதுவரை? பிவிசியா, இரும்பா?

மூன்றாவது, என்ன தெரிய வேண்டும்? ஊத்து எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த ஊத்து இன்று தண்ணீர் தருகிறதா என்பது வேறு. அந்தத் தண்ணீர் நல்லதா என்பது மூன்றாவது. ஒரே கருவி மூன்றுக்கும் பதில் சொல்லாது. மக்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நான்காவது, குழியின் அகலம். வீட்டுக்குப் போடும் நாலரை இஞ்சும், தோட்டத்துக்குப் போடும் ஆறரை இஞ்சும் கருவிக்கு ஒன்றல்ல.

கடைசியாக, பதில் வந்த பிறகு என்ன செய்வீர்கள்? எந்தப் பதில் வந்தாலும் 300 அடி இறக்கத்தான் போகிறீர்கள் என்றால் லாக்கிங்கே வேண்டாம். அந்தப் பணத்தை மோட்டாரில் போடுங்கள்.

## ரிக்காரர் சொல்லும் கணக்கு

இதையும் ஒரு தேர்வாகவே வைக்கிறேன். ஏனென்றால் இதற்குத் தனிச் செலவு இல்லை, பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக், அதாவது போர் போடும் வண்டிகளில் வரும் ஆட்கள் அனுபவசாலிகள். தூளின் நிறம் மாறுவதை, சுத்தியலின் சத்தம் மாறுவதை, பாறையில் இடைவெளி (கேப்) விழுந்து துளைக்கம்பியான ராடு சட்டென்று இறங்குவதை அவர்கள் கை உணரும்.

குறை எங்கே என்றால், அவர்கள் ஆழத்தை ராடு எண்ணிக்கையில் வைத்திருக்கிறார்கள். ஒரு ராடு 20 அடி என்றால் "பதினேழாவது ராடுல ஊத்து" என்பது 320 முதல் 340 அடிக்குள் எங்கோ. அதோடு மேலே ஒரு ஊத்து திறந்துவிட்டால், கீழே வரும் சின்ன ஊத்துகள் அந்தத் தண்ணீரோடு கலந்து வெளியே வந்துவிடும், தனியே தெரியாது. வெளியே வழியும் தண்ணீரை இஞ்சில் சொல்வதும் கம்ப்ரசர் காற்றின் தள்ளுதலில் வந்த அளவு. மோட்டார் தரப்போகும் அளவு அது அல்ல.

இருந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள். ராடுக்கு ஒரு கைப்பிடித் தூளை எடுத்துப் பையில் போட்டு எண் எழுதி வையுங்கள். பின்னால் எந்த லாக் எடுத்தாலும் அதைப் படிக்க அந்தப் பைகள்தான் அகராதி. பைகள் இல்லாமல் வரும் லாக்கைப் படிக்கும்போது பாதி ஊகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

## கேமரா

மதுரையில் இப்போது எளிதாகக் கிடைப்பது இதுதான். விளக்கோடு ஒரு கேமரா, கேபிளில் அடிக் கணக்கு, கையில் திரை. பார்ப்பது கண்ணால் என்பதால் யாருக்கும் நம்பிக்கை வருகிறது.

இதன் உண்மையான பலம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் காய்ந்த பகுதியில். பாறைச் சுவரில் எந்த இடத்தில் கசிவு, எந்த வெடிப்பில் ஈரம், எது முழுக்க வறண்டது என்று கேமரா நேராகக் காட்டிவிடும். வேறு எந்த லாக்கும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது. கேசிங் உடைப்பு, கேசிங் அடியில் மண் கொட்டுவது, சிக்கிக்கொண்ட மோட்டார் எல்லாவற்றுக்கும் முதலில் கேமராவைத்தான் கூப்பிட வேண்டும்.

தண்ணீருக்குள் போனதும் கதை மாறும். கலங்கல் இருந்தால் எதுவும் தெரியாது. தெளிவாக இருந்தால் வெடிப்பு தெரியும். அது தண்ணீர் தருகிறதா என்று தெரியாது. கறுத்துத் திறந்து கிடக்கும் பெரிய வெடிப்பைப் பார்த்து, "இதான் ஊத்து, இதுக்குக் கீழ மோட்டாரை இறக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய ஊத்து எப்போதோ வறண்டுபோய் வாயை மட்டும் திறந்து வைத்திருக்கலாம். தலைமுடி அளவுக் கீறல் ஒன்று தோட்டத்தையே காப்பாற்றிக்கொண்டும் இருக்கலாம்.

மறைவுச் செலவு: மோட்டாரையும் பைப்பையும் தூக்கும் கூலி, கலங்கல் தெளியும் வரை காத்திருக்கும் நாட்கள். அந்த நாட்களில் பயிருக்கு யார் தண்ணீர் தருவது என்பதையும் கணக்கில் சேருங்கள். இந்தச் செலவு அடுத்து வரும் எல்லா முறைக்கும் உண்டு. எனவே மோட்டாரைத் தூக்கியது தூக்கியதுதான், ஒரே தடவையில் இரண்டு மூன்று சோதனைகளை முடித்துக்கொள்வதே புத்தி.

## வெப்பநிலையும் கடத்துதிறனும்

மதுரைப் பாறையில் பழைய போரைப் பற்றி முடிவெடுக்க ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால், நான் இதைத்தான் எடுப்பேன். நம் பக்கத்தில் இதை யாரும் முதலில் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கருவி எளிமையானது. தண்ணீருக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டே வெப்பநிலையையும், தண்ணீரின் மின்கடத்துதிறனையும் பதிவு செய்யும். நிலத்துக்குள் போகப் போகச் சூடு கூடும். இடத்தைப் பொறுத்து 100 மீட்டருக்கு ஒன்று முதல் மூன்று டிகிரி வரை. அசைவில்லாமல் நிற்கும் தண்ணீரில் வரைபடக் கோடு சாய்ந்த நேர்கோடாக இறங்கும். ஓர் ஊத்திலிருந்து தண்ணீர் உள்ளே வந்தால் அந்த இடத்தில் கோடு ஒடியும். நல்ல கருவி நூறில் ஒரு பங்கு டிகிரி மாற்றத்தையும் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. சில குழிகளில் ஒரு ஆழத்திலிருந்து இன்னொரு ஆழம் வரை வெப்பநிலை கூடாமல் அப்படியே நிற்கும். அதன் பொருள், அந்த இரண்டு ஆழங்களுக்கும் இடையில் தண்ணீர் மேலிருந்து கீழோ, கீழிருந்து மேலோ ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். மேல் ஊத்தில் வரும் தண்ணீரை, அழுத்தம் இழந்துவிட்ட கீழ் வெடிப்பு குடித்துக்கொண்டிருக்கிறது.

சேடப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இதை நேராகப் பார்த்தேன். 560 அடியாக இருந்த போரை 850 அடிக்கு இறக்கியிருந்தார்கள். இறக்கிய பிறகு தண்ணீர் மட்டம் முன்பைவிடத் தாழ்ந்துவிட்டது. வீட்டுப் பெரியவர், "ஏப்பா, ஆழம் கூடுனா தண்ணி கூடணும்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். லாக்கில் 400 அடிக்குக் கீழே 780 அடி வரை கோடு செங்குத்தாக நின்றது. 400 அடி ஊத்தின் தண்ணீர் 780 அடி வெடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. புதிதாகத் தோண்டிய பகுதியைக் களியும் சிமெண்டும் போட்டு அடைத்த பிறகு மட்டம் மேலே வந்தது. ஆழப்படுத்தக் கொடுத்த பணம், அடைக்கக் கொடுத்த பணம் இரண்டும் அவர் தலையில். இறக்கும் முன் ஒரு தடவை லாக் எடுத்து, 560 அடிக்குள் எந்த ஊத்து உயிரோடு இருக்கிறது, அதில் அழுத்தம் எப்படி என்று பார்த்திருந்தால் குறைந்தது அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டு இறங்கியிருப்பார்.

கடத்துதிறன் கோடு தண்ணீரின் உப்பைச் சொல்லும். சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோசீமென்ஸ் என்றால் கரைந்த உப்பு லிட்டருக்குச் சுமார் 650 மில்லிகிராம். எந்த ஊத்து உப்பைக் கொண்டுவருகிறது என்று தெரிந்தால் அதை மட்டும் அடைக்கலாம். ஃபுளோரைடை மட்டும் இது சொல்லாது, வேறு எந்த லாக்கும் சொல்லாது. குடிநீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் நைஸ் பாறையில் ஃபுளோரைடு உண்டு. குடிப்பதற்கான போர் என்றால் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இதற்கு இரண்டு நிபந்தனை. மோட்டாரைத் தூக்கிய பிறகு தண்ணீர் அசையாமல் சில நாள் நிற்க வேண்டும். வேறு எந்தக் கருவியும் இறங்கும் முன் இதுதான் முதலில், இறங்கும் வழியிலேயே எடுக்க வேண்டும். கேமராவை விட்டுக் கலக்கிய பிறகு வெப்பநிலை எடுப்பது, கோலத்தைக் கலைத்துவிட்டுப் புள்ளி எண்ணுவது மாதிரி.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஓட்டமானி இருக்கிறது. காற்றாடி போலச் சுழலும் வகை நம் போர்களுக்கு அவ்வளவாக உதவாது. ஆறரை இஞ்ச் குழியில் தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் நகர்கிறது என்றாலே அது நிமிடத்துக்கு 21 லிட்டர். அதற்கும் குறைந்த ஓட்டத்தில் அந்தக் காற்றாடி பெரும்பாலும் அசையாது. வெப்பத் துடிப்பு வகை ஓட்டமானி நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைந்த ஓட்டத்தையும் பிடிக்கும், ஆனால் அது எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் மாற்று வழி ஒன்று உண்டு: சுத்தமான வெளித் தண்ணீரைத் தொட்டியிலிருந்து ஒரே சீராகக் குழிக்குள் விட்டுக்கொண்டே வெப்பநிலை, கடத்துதிறன் எடுப்பது. அந்தத் தண்ணீர் எந்த ஆழத்தில் காணாமல் போகிறதோ அங்கே திறந்த வெடிப்பு இருக்கிறது. சாக்கடை கலந்த தண்ணீரையோ, மருந்து கலக்கிய டிரம்மில் பிடித்ததையோ விட்டுவிடாதீர்கள். அது நேராக ஊர் குடிக்கும் ஊத்துக்குப் போகும்.

## எலக்ட்ரிக் லாக்

"லாக்கிங்" என்று நம் பக்கம் சொன்னாலே இதுதான்: எஸ்.பி. என்னும் இயல்பு மின்னழுத்தம், 16 இஞ்ச் நார்மல், 64 இஞ்ச் நார்மல் மூன்றும் சேர்ந்தது. அந்த இஞ்ச் மின்முனைகளுக்கு இடையிலான தூரம். மின்முனைகள் சுவருக்குள் மின்சாரம் செலுத்தி, பாறையின் மின்தடையை அளக்கும். 16 இஞ்ச் குழியை ஒட்டிய பகுதியை, 64 இஞ்ச் சற்று உள்ளே தள்ளிய பகுதியைப் பார்க்கும். குழியில் தண்ணீரோ சேறோ இருக்க வேண்டும். கேசிங் கூடவே கூடாது. பிவிசி போட்டுவிட்டால் மின்சாரம் சுவரைத் தொடவே தொடாது.

கிழக்கே இது இல்லாமல் பில்டர் வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வைப்பது. ரோட்டரி வண்டி சேறு விட்டுத் தோண்டும்போது மணலும் களியும் சேற்றில் கலந்தே வெளியே வரும். 10 அடி மணல் அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தூளை வைத்துச் சொல்ல முடியாது. எலக்ட்ரிக் லாக் சொல்லும். ஆனால் அதைக் காமாவோடு, அதாவது பாறையின் இயற்கைக் கதிரை எண்ணும் லாக்கோடு, சேர்த்தே எடுங்கள். மின்தடை குறைந்தால் அது களியாகவும் இருக்கலாம், உப்புத் தண்ணீர் நிறைந்த மணலாகவும் இருக்கலாம். எலக்ட்ரிக் லாக் மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். காமா களியில் உயரும், மணலில் தாழும். மின்தடை தாழ்ந்து காமா உயர்ந்தால் களி. இரண்டும் தாழ்ந்தால் உப்பு மணல், அங்கே பில்டர் வைக்காதீர்கள். மின்தடை உயர்ந்து காமா தாழ்ந்தால் அதுதான் உங்கள் நல்ல தண்ணீர் அடுக்கு.

சேறு கலக்க எந்தத் தண்ணீரை எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். உப்புத் தண்ணீரில் கலந்த சேறு மின்தடைக் கோட்டை அமுக்கிவிடும். சேற்றின் உப்பும் அடுக்குத் தண்ணீரின் உப்பும் ஒன்றானால் எஸ்.பி. கோடு தட்டையாகிவிடும். ஒரு பாட்டில் சேறு எடுத்து அதன் கடத்துதிறனை லாக் தாளிலேயே எழுத வைப்பது நல்லது.

மேற்கே, மதுரைப் பாறையில், இதே லாக்கைப் பழக்கத்தால் எடுக்கிறார்கள். உடையாத சார்னோக்கைட்டின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் மீட்டர். குழியில் நிற்கும் தண்ணீர் 1000 மைக்ரோசீமென்ஸ் என்றால் அதன் மின்தடை 10 ஓம் மீட்டர்தான். மின்சாரம் சுலபமான வழியைத்தான் தேடும். பாறைக்குள் நுழையாமல் குழித் தண்ணீரிலேயே ஓடிவிடும். எண் சொல்வது பாதி பாறை, பாதி குழி. போதாக்குறைக்கு, மின்முனை இடைவெளியைவிட மெல்லிய பட்டையை நார்மல் லாக் சரியாகக் காட்டாது. நம் ஊத்துகள் பலவும் விரல் தடிமன்தான். அது 64 இஞ்சுக்கு எங்கே தெரியப்போகிறது?

கடினப்பாறையில் மின்சார லாக் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒற்றை மின்முனை வகையைக் கேளுங்கள். அது மின்தடைத்திறனை எண்ணாகத் தராது; ஆனால் மெல்லிய வெடிப்பில் கோடு சட்டென்று தாழ்வது நன்றாகத் தெரியும். கூடவே காலிப்பரும் வேண்டும். அது மூன்று கைகளை விரித்துக் குழியின் விட்டத்தை அளந்து வரும் எளிய கருவி. தண்ணீர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். மின்தடை தாழும் அதே அடியில் காலிப்பரும் விரிந்தால் அங்கே பாறை உடைந்திருக்கிறது என்று நம்பலாம். அது களி அடைத்த உடைப்பா, தண்ணீர் ஓடும் உடைப்பா என்பதற்கு மறுபடியும் வெப்பநிலைக் கோட்டிடம்தான் போக வேண்டும். திருமங்கலம் பக்கம் 410 அடியில் மின்தடை அழகாகத் தாழ்ந்ததைப் பார்த்து மோட்டாரை அங்கே இறக்கினார்கள். உக்கிப்போன பாறைப் பட்டை ஒன்றில் களி நிறைந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை.

மறைவுச் செலவு கிழக்கே அதிகம். சேற்றுக் குழி காத்திருக்காது. ராடைத் தூக்கிய பிறகு சில மணி நேரத்தில் சரியத் தொடங்கலாம். லாக்கிங் வண்டி முன்னாலேயே வந்து நிற்க வேண்டும். அது வர ஒரு நாள் தாமதமானால் ரிக் வண்டி சும்மா நிற்கும் வாடகை உங்கள் கணக்கில். சுற்றி மோட்டார்கள் ஓடினால் எஸ்.பி. கோடு நடுங்கும், பக்கத்துத் தோட்டத்தில் சொல்லி ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.

## காமா

தனித்து எடுப்பதைவிடத் துணையாக எடுக்கவேண்டியது. ஆனால் ஒரு சூழலில் இதுதான் ஒரே வழி: கேசிங் போட்டு முடித்த பழைய போர், பதிவு எதுவும் இல்லை. காமா கேசிங்குக்குள்ளும், தண்ணீர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இரும்புக் கேசிங்கில் அளவு சற்றுக் குறையும், அவ்வளவுதான். பாறையில் இயற்கையாக இருக்கும் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றின் கதிரை எண்ணுகிறது. தன் பங்குக்குக் கதிர்ப்பொருள் எதையும் குழிக்குள் கொண்டுபோவதில்லை, எனவே பயம் வேண்டாம்.

மேலூர்ப் பக்கம் ஒரு எச்சரிக்கை. பொட்டாசியம் நிறைந்த இளஞ்சிவப்புக் கிரானைட்டிலும், அதை வெட்டிப் போகும் பெக்மடைட் பட்டைகளிலும் காமா இயல்பாகவே உயரும். படிவு நிலத்துப் பாடத்தை அப்படியே கொண்டுவந்து "காமா உயர்ந்தது, களி" என்று எழுதித் தந்த தாளை நான் பார்த்திருக்கிறேன். கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருந்தாலும் இதே குழப்பம் வரும்.

## தாதுக்காகத் துளை போடுகிறவர்களுக்கு

இவர்களின் கணக்கு வேறு. கையில் கோர், அதாவது துளையிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த கல், இருக்கும். என்.க்யூ. என்னும் வழக்கமான அளவுத் துளை 75.7 மில்லிமீட்டர், அதிலிருந்து வரும் கோர் 47.6 மில்லிமீட்டர். கல்லே கையில் இருக்கும்போது லாக் எதற்கு என்று கேட்கிறார்கள். கோர் முழுதாக வந்தால் அது நியாயமான கேள்விதான். மென்மையான பட்டைகள் துளையிடும்போது கரைந்து, கோர் பெட்டியில் இடைவெளியாகத்தான் நிற்கும். பல இடங்களில் தேடும் பொருளே அந்த மென்மையான பட்டைதான்.

சிவகங்கைக் கிராஃபைட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிராஃபைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சுற்றியுள்ள நைஸ் கடத்தாது. கோர் தொலைந்த இடத்தில்கூட மின்தடைக் கோடு பள்ளத்தில் விழும், எஸ்.பி. பெரிதாக விலகும். பட்டை எந்த அடியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று மின்சார லாக் மிக மலிவாகச் சொல்லிவிடும். நான் மேற்கே வேண்டாம் என்று சொன்ன அதே லாக், இங்கே முதல் தேர்வு. கார்பன் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இதன் மறுபக்கத்தையும் அந்தப் பக்கத்து விவசாயிகள் தெரிந்துகொள்ளுங்கள்: தரை சர்வேயில் மின்தடை தாழ்ந்தது என்று போர் போட்ட இடத்தில் தண்ணீருக்குப் பதில் கிராஃபைட் இருக்கலாம்.

டங்ஸ்டன் பற்றியும் கேட்கிறார்கள். மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி 2024 நவம்பரில் ஏலம் போனதும், 2022 இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி அதற்குள் வந்ததால் ஊர் திரண்டு போராடியதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்ததும் எல்லாருக்கும் தெரியும். அந்த முடிவில் நான் ஊரின் பக்கம். கருவியைப் பொறுத்தவரை பதில் சுருக்கமானது: ஷீலைட் என்னும் டங்ஸ்டன் தாது கனமானதாக இருந்தாலும், பாறையில் சதவீதத்தின் சிறு பங்காகத்தான் கலந்திருக்கும். அந்த அளவை அடர்த்தி லாக் பிரித்துக் காட்டாது. புற ஊதா விளக்கில் கோரைப் பார்த்தால் நீல வெள்ளையாக ஒளிரும். அந்தக் கைவிளக்கு தரும் தகவலைக்கூட லாக் தராது.

கிரானைட் குவாரிக்காரர்களுக்கு வேண்டியது பிளவு இல்லாத பெரிய கட்டை. அவர்கள் ஒலிப் படக்கருவியோ ஒளிப் படக்கருவியோ இறக்கலாம். சுவரை முழுச் சுற்றுப் படமாக எடுத்து, ஒவ்வொரு வெடிப்பும் எந்தத் திசையில் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். விலை அதிகம், வெளியூரிலிருந்து வரவேண்டியிருக்கும். தோட்டத்துப் போருக்கு வேண்டாம்.

அடர்த்தி, நியூட்ரான் லாக்குகளில் சீசியம்-137, அமெரிசியம்-பெரிலியம் போன்ற கதிர்மூலம் குழிக்குள் இறங்கும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் யாரும் செய்யக் கூடாது. அந்த மூலம் குழியில் சிக்கிக்கொண்டால் அதன்பின் அந்தத் தண்ணீரை யார் நிம்மதியாகக் குடிப்பார்கள்? தண்ணீர்ப் போருக்கு இதைச் சிபாரிசு செய்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | தண்ணீர் வேண்டுமா | கேசிங்குக்குள் | நன்றாகச் சொல்வது | கைவிடும் இடம் |
|---|---|---|---|---|
| தூளும் ராடு கணக்கும் | இல்லை | – | பாறை மாற்றம் | துல்லிய ஆழம், கீழ் ஊத்துகள் |
| கேமரா | வேண்டாம். இருந்தால் தெளிவாக | கேசிங்கையே காட்டும் | கசிவு, உடைப்பு, சிக்கல் | தண்ணீருக்குள் ஓட்டம் |
| வெப்பநிலை, கடத்துதிறன் | வேண்டும், அசையாமல் | ஓரளவு | எந்த ஊத்து உயிரோடு, உப்பு எங்கே | புதிதாகக் கலக்கிய குழி |
| எலக்ட்ரிக் (நார்மல்) | வேண்டும் | முடியாது | மணல், களி, கிராஃபைட் | கடினப்பாறையின் மெல்லிய வெடிப்பு |
| ஒற்றை மின்முனை | வேண்டும் | முடியாது | மெல்லிய வெடிப்பு | எண்ணளவு |
| காலிப்பர் | வேண்டாம் | உட்புற விட்டம் மட்டும் | உடைந்த பகுதி, குழி அகலம் | தண்ணீர் உண்டா என்பது |
| காமா | வேண்டாம் | முடியும் | களியா மணலா | பொட்டாசியக் கிரானைட் |

## தாளை வாங்கும்போது

பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆழம் அடியிலா மீட்டரிலா? ரிக்காரர் அடியில் பேசுவார், லாக்கிங் கருவி மீட்டரில் அச்சிடும். 200 மீட்டர் என்பது 656 அடி. பூஜ்யம் எங்கே, தரையா கேசிங் வாயா? கேசிங் மூன்றடி தூக்கி நின்றால் எல்லா ஆழமும் மூன்றடி தள்ளிப்போகும். கிழக்கே பத்தடி மணலில் பில்டர் வைக்கும்போது அந்த மூன்றடி பெரிது. எண்கள் கோப்பாகவும் வருகிறதா? அச்சுத்தாள் இரண்டு வெயிலில் மங்கிவிடும். கோப்பு இருந்தால் பத்து வருடம் கழித்து வேறொருவர் திறந்து படிக்கலாம்.

எடுப்பவரும் படித்துச் சொல்பவரும் ஒருவரேதானா என்றும் கேளுங்கள். லாக் எடுப்பதற்கு ஒரு விலை, விளக்க அறிக்கைக்குத் தனி விலை என்று பின்னால் வரும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும், குடிநீர் வடிகால் வாரியத்தின் நிலநீர்ப் பிரிவிலும் முதலில் விசாரித்துவிட்டுத் தனியாரிடம் போவது நல்லது. அங்கே நிலவியலாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துப் பழைய போர்களின் பதிவும் அவர்களிடம் இருக்க வாய்ப்புண்டு.

## இருவருக்கும் சொன்னது

இளையான்குடிக்காரருக்கு: ரிக் வண்டி கடைசி ராடை இறக்கும்போதே லாக்கிங் வண்டி தோட்டத்தில் நிற்கட்டும். எலக்ட்ரிக்கும் காமாவும் சேர்த்து எடுங்கள். இரண்டும் தாழ்ந்த அடுக்குக்கு எதிரே வெறும் பைப். மின்தடை உயர்ந்து காமா தாழ்ந்த அடுக்குக்கு எதிரே பில்டர். பைப்பைச் சுற்றிக் கூழாங்கல்லை மேல்வரை கொட்டிவிடாதீர்கள். உப்பு அடுக்குக்கும் பில்டருக்கும் நடுவே களி அடைப்புப் போடாவிட்டால், பைப்புக்கு வெளியே அந்தக் கூழாங்கல் வழியாகவே உப்பு இறங்கிவிடும். பக்கத்துக் காட்டுப் போர் இரண்டிலும் உப்பு வந்ததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். அவர்கள் எப்படிக் கொட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

உசிலம்பட்டி அண்ணனுக்கு: எலக்ட்ரிக் லாக் வேண்டாம். மோட்டாரைத் தூக்குங்கள், குழி வாயை இறுக மூடுங்கள், மூன்று நாள் யாரும் எதையும் இறக்க வேண்டாம். நான்காம் நாள் முதலில் வெப்பநிலையும் கடத்துதிறனும், அடுத்துக் காலிப்பர், கடைசியாக மேலே காய்ந்த பகுதிக்குக் கேமரா. கோடு எங்காவது செங்குத்தாக நின்றால், உங்கள் தண்ணீரை ஏற்கெனவே ஒரு வெடிப்பு குடித்துக்கொண்டிருக்கிறது. 300 அடி இறக்குவதை நிறுத்திவிட்டு, அதை அடைப்பது பற்றிப் பேசுவோம். கோடு சாய்வாகவே இறங்கி, எங்கும் ஒடியாமல் இருந்தால், 720 அடிக்குள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உயிருள்ள ஊத்து தெரியவில்லை என்று பொருள். அப்போது கேமராவில் மேலே கசிவு தெரிகிறதா என்பதை வைத்து, இறக்குவதா, மழைத் தண்ணீரை வடிகட்டி இதே குழிக்குள் திருப்பிவிடுவதா என்று முடிவெடுக்கலாம். லாக் தாளோடு, ராடு வாரியாக எடுத்து வைத்த தூள் பைகளையும் கொண்டுவாருங்கள். பை இல்லையென்றால், போர் போட்ட அன்று வெளியே குவிந்த தூள் தோட்டத்து மூலையில் இன்னும் கிடக்கும். அதிலிருந்து ஒரு கைப்பிடியாவது.